மிதிக்க முடியாதவளுக்குக் கொடுத்த மிஷின்

அருள், நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. வேலை பிடித்திருக்கிறது, ஓசூர் குளிர் பழகிவிட்டது, மெஸ் சாப்பாடுதான் வாயில் வைக்க முடியவில்லை என்று நீ எழுதியிருந்ததை எல்லாம் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் வாசிக்கவில்லை. என்னைத் தையல்காரி என்கிறார்களே என்று நான் முன்பு எழுதியதற்கு, "தைக்கிறதும் வெட்டுறதும் ஒண்ணுதானேம்மா, இதுக்குப் போய் ஏன் மனச போட்டுக் குழப்பிக்கிற" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு வந்தது பார் ஒரு கோபம், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே தீய விட்டுவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். உன்மேல்தான். ஆனால் பெற்ற பிள்ளைக்கே தெரியாத ஒன்றை ஊராருக்குத் தெரியவில்லை என்று நான் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அதனால் இந்த ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து, வேறு வேலை எதுவும் பார்க்காமல், உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். நீயும் பொறுமையாகத்தான் படிக்க வேண்டும்.

முதலில் நடக்கிறதைச் சொல்லிவிடுகிறேன், நீ ஊரில் இல்லாததால் பாதிதான் உனக்குத் தெரியும். கடத்தூரில் எங்கள் மகளிர் தையல் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. அடுத்த வாரம் திறப்பு விழா. அதில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, 'ஊனத்தை வென்ற தையல் கலைஞர்' என்று பட்டம் கொடுக்கப் போகிறார்கள். இது உனக்குத் தெரியும், நீ லீவு போட்டுவிட்டாய், உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா அம்மாவையும் முன்வரிசையில் உட்கார வைக்க ஏற்பாடு செய்துவிட்டாய். உனக்குத் தெரியாதது என்னவென்றால், எங்கள் கட்டிங் மேற்பார்வையாளர் ஜெயந்தி கல்யாணம் ஆகிச் சேலத்துக்குப் போகிறாள். அந்த வேலை இந்த மாதத்தோடு காலி. அந்த வேலைக்கு நான் மனுப் போட்டிருக்கிறேன். அந்தப் பொன்னாடையை வாங்கிக்கொண்டால் அந்த வேலை எனக்குக் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று உனக்கு விளங்க வேண்டுமானால், வெட்டுவதும் தைப்பதும் ஒன்றில்லை என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இளம்பிள்ளை வாதம் வந்தபோது நான் நடை பழகிக்கொண்டிருந்தேனாம். வலது கால் சூம்பிப்போனது, இடது காலிலும் பாதி பலம்தான். கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி நான் நடப்பதை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். இவளை எவன் கட்டுவான், ஒரு கைத்தொழிலாவது இருக்கட்டும் என்று என் அப்பா சிஸ்டர்மார் நடத்திய தையல் வகுப்பில் சேர்த்துவிட்டார். மிஷினில் உட்கார வைத்தார்கள். நான் மிதித்தால் சக்கரம் ஒரு சுற்று முன்னால் போகும், அடுத்த சுற்று பின்னால் வரும், நூல் அறுந்து ஊசியில் சிக்கிக்கொள்ளும். சிஸ்டருக்குச் சலித்துப்போய், "நீ போய் வெட்டு" என்று கத்திரியைக் கையில் கொடுத்தார். தண்டனை மாதிரிதான் கொடுத்தார். எனக்கு அது பிடித்துப்போனது. துணியைப் பார்த்தாலே எங்கே கோடு போட வேண்டும் என்று கை சொல்ல ஆரம்பித்தது. கல்யாணம் ஆகி, நீ பிறந்து, சங்கத்தில் சேர்ந்த பிறகும் என் வேலை அதுதான். அந்தக் கட்டடத்தில் இன்றுவரை நான் ஒரு தையல் போட்டதில்லை.

சங்கத்து வெட்டு மேசை என் மார்புக்கு இருக்கும். நின்று வெட்டினால் கொஞ்ச நேரத்தில் கால் நடுங்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு மேசை மேலேயே ஏறி, விரித்த துணியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான காக்கித் துணி, அடுக்கடுக்காக விரித்திருந்தது. முன்னால் இருப்பதை வெட்டுவது, பின்னால் நகர்வது, மறுபடி வெட்டுவது என்று மேசையின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டேன். இறங்கிப் பார்த்தால் மேல் துணியும் அடித் துணியும் ஒரே அளவு. நின்று வெட்டுகிறவர்களுக்கு அடியில் இருக்கும் துணி நழுவும், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாலும் நழுவும். என் உடம்பு பாரமே துணியைப் பிடித்துக்கொண்டது. மாதம்மாவை உனக்குத் தெரியும், எந்த வேளையிலும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருப்பாளே, அவள் சொன்னாள், "அக்கா குந்தி வெட்டுனா எங்க தையலு தானா நேரா போவுதுங்க." அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் தைத்த எந்தக் கால்சட்டையும் என் காலைப் போல ஒன்று நெட்டை ஒன்று குட்டை என்று திரும்பி வந்ததில்லை. இதை நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். என் வேலையைப் பற்றி எனக்கு இருந்த பெருமை அவ்வளவும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

எங்கள் சங்கத்துச் செக்ரட்டரிக்கு மட்டும் நான் மேசை மேல் உட்காருவது கண்ணில் விழுந்த தூசி. கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். அதிகாரிகள் ஜீப் வருகிறது என்று தெரிந்தால் ஓடி வந்து, "ஏம்மா, கவர்மெண்ட் துணி மேல குந்தியிருக்கீங்கன்னு பேச்சு வந்துடும்மா, எறங்குங்க" என்பார். நான் இறங்கி மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வந்தவர்கள் பாவம் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் மறுபடி ஏறிக்கொள்வேன். இப்படி எத்தனை வருஷம் போனது என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அது பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

பிறகு அந்த எண்பத்தொன்றாம் வருஷம் வந்தது. ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோவைத் திருப்பினால் அதே பேச்சு. நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் பக்கத்திலிருந்து நன்றாக வேலை செய்யும் ஊனமுற்ற ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், உங்களைத்தான் அனுப்பப் போகிறோம் என்று செக்ரட்டரி சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை, போயேன். போட்டோ பிடிக்க ஆள் வந்தார். நான் மேசை மேல் ஏறப் போனேன். செக்ரட்டரி பதறிப்போய், பூப்போட்ட துணி விரித்த ஒரு மிஷின் முன்னால் என்னை உட்கார வைத்தார். ஊனமுற்ற பெண் என்றால் தையல் மிஷின், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நான் தைப்பதில்லையே என்றேன். போட்டோவுக்குத்தானேம்மா என்றார். நானும், போட்டோவுக்குத்தானே என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

கூட வந்த அதிகாரி அதோடு விட்டாரா? இரண்டு தையல் போட்டுக் காட்டுங்கம்மா, பார்க்கிறேன் என்றார். பக்கத்து மிஷினில் இருந்த மாதம்மா தன் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பை மறைப்பாகத் தொங்கவிட்டு, தன் காலை நீட்டி என் மிஷினை மிதித்தாள். நான் துணியைத் தள்ளினேன். ஊசி ஓடியது. அதிகாரி கண் கலங்கிப்போனார், அருள். நிஜமாகவே கலங்கினார். அவர் போன பிறகு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் மாதம்மாவுக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. அப்போது எங்களுக்கு அது வெறும் வேடிக்கை. ஒரு நாள் கூத்து, அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

தருமபுரியில் விழா. நீயும் வந்தாய், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாய். மேடைக்கு ஏறும் படியில் ஒருவர் என் கையைப் பிடிக்க வந்தார், மைக்கில் பேசியவர் "வேண்டாம், அந்தம்மா தானா ஏறி வரட்டும், எல்லாரும் பாருங்க" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். நான் தொடையில் கையை ஊன்றி ஏறினேன். தன் ஊனத்தையும் பொருட்படுத்தாமல் நாள் முழுக்க மிஷின் மிதித்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர் என்று என்னைப் பற்றி வாசித்தார்கள். என்னை ஒரு வார்த்தை பேசச் சொல்லவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. வாசித்து முடித்துவிட்டுப் பரிசைக் கொடுத்தார்கள். என்ன பரிசு? தையல் மிஷின். காலால் மிதிக்கிற மிஷின். அதை லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியும் வைத்தார்கள். உன் அப்பா அதை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இத வெச்சிக்கினு நீ இன்னாடி பண்ணுவ" என்று கேட்டார். அன்றைக்கும் சிரித்தோம். நீதான் அதன் மேல் புத்தகத்தை அடுக்கி வைத்துப் படித்தாய், அந்த வகையில் அது ஒருவருக்காவது பயன்பட்டது.

பேப்பரில் அந்தப் போட்டோ வந்ததும் நீ மொரப்பூர் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் வாத்தியார்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாய். சங்கத்தில் அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேராக மாட்டினார்கள். நம் வீட்டிலும் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டினோம். ஊரே என்னை அவார்டு அம்மா என்று கூப்பிட்டது. பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறு வயதிலிருந்து என் காலைக் கேலி பண்ணிய ஊர், அந்தக் காலுக்காகவே கும்பிடு போட்டது. அந்தக் கும்பிடு எனக்கு ஒரு கதவைச் சாத்துகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அது தெரிந்தது, கட்டிங் மேற்பார்வையாளர் என்று ஒரு வேலையைச் சங்கத்தில் புதிதாகப் போட்டபோது. எந்தத் துணியை எப்படி விரிப்பது, எங்கே கோடு போடுவது என்று சொல்கிற வேலை. கோடு போட்டுக் கொடுத்தால் போதும், மற்றவர்கள் வெட்டுவார்கள். அதை எனக்காகவே உண்டாக்கியது போல இருந்தது. எனக்குத்தான் என்று பெண்கள் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். தேர்வு பண்ண வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மரியாதையாக உட்காரச் சொன்னார். "உங்கள எனக்கு நல்லாத் தெரியுங்கம்மா, நீங்க பெரிய தையல்காரம்மாவாச்சே. ஆனா இது வெட்டற அனுபவம் உள்ளவங்களுக்கு உண்டான வேலைங்களே" என்றார். நான் வெட்டுகிறவள்தான் ஐயா, தைப்பதில்லை என்றேன். அவர் குழம்பிப்போய்ச் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார், செக்ரட்டரியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் போட்டோ பொய்யிங்களாம்மா?" என்றார்.

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல். பொய் என்று சொன்னால், மேடை ஏறி வாங்கியது பொய், கண் கலங்கின அந்த அதிகாரியை ஏமாற்றினது நான், சங்கத்துக்குக் கெட்ட பேர், செக்ரட்டரிக்கு வேலை போகும், எனக்கும் போகும். இல்லை என்று சொன்னால் நான் தையல்காரி, எனக்கு வெட்டத் தெரியாது. செக்ரட்டரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். திறக்கவில்லை. கடைசியில் நான்தான், பொய் இல்லை ஐயா என்றேன். என் வாயாலேயே சொன்னேன். வெளியே வந்த பிறகு செக்ரட்டரி வராந்தாவில் நின்று, "நான் இன்னாம்மா பண்ணட்டும், வாயத் தெறந்தா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், அதனால் அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. நேராகப் போய் மேசை மேல் ஏறி உட்கார்ந்து மிச்சத் துணியை வெட்டினேன்.

அந்த வேலைக்குத்தான் ஜெயந்தியைக் கொண்டுவந்தார்கள். நல்ல பெண். வந்த முதல் வாரமே என்னிடம் வந்து, அக்கா எனக்குச் சான்றிதழ் இருக்கு, கை வரலை, சொல்லிக் கொடுங்கக்கா என்றாள். சொல்லிக்கொடுத்தேன். அவள் கோடு போடுவதாகப் பேர், கோடு நான் போட்டேன், வெட்டுவதும் நான். அவள் என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனாலும் ஜீப் வந்தால் அவள் மேசைக்குப் பக்கத்தில் நிற்பாள், என்னை மிஷினுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள், மாதம்மா பக்கத்தில் வருவாள். முன்பு மேசையை விட்டு இறங்கி நின்றால் போதும். அவார்டு வாங்கிய பிறகு நடிக்கவும் வேண்டியிருந்தது. போட்டோவில் இருக்கும் பொம்பளைக்கு நான் வேலைக்காரியாகிவிட்டேன், அருள், அவள் சொன்னபடி எல்லாம் நான் ஆட வேண்டியிருக்கிறது.

இப்போது இடுப்பு போய்விட்டது. இதை நான் உனக்கு எழுதியதில்லை, உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அவர்தான் கொண்டுபோய் விடுகிறார், மேசை மேல் ஏற்றிவிடவும் அவர் வந்தால்தான் முடிகிறது. ஏறிவிட்டால் எப்படியோ நகர்ந்துவிடுவேன், இறங்கும்போது உயிர் போகிறது. இன்னும் கொஞ்ச காலம்தான் இந்த உடம்பு மேசை ஏறும். அதற்குள் அந்த மேற்பார்வை வேலை கிடைத்தால் நாற்காலியில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டு இன்னும் பல வருஷம் ஓட்டுவேன். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டியதுதான். மிஷினில் உட்காரலாமே என்று சொல்ல எல்லோரும் தயாராக இருப்பார்கள்.

அடுத்து உன் கல்யாணப் பேச்சு. பெண் வீட்டார் முதலில் வந்தபோது அந்தம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரப் பிள்ளைக்கும் இப்படி வந்துவிடுமோ என்று அவர்கள் பயந்தது உன்னிடம் யாரும் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது. பிறகு பெண்ணின் அப்பா சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். நீ முந்திக்கொண்டு கதையைச் சொன்னாய், மேடை, பேப்பர், அவார்டு, எல்லாம். நாள் முழுக்க மிஷின் மிதிப்பாங்க என்றும் சொன்னாய். அவர் முகமே மாறிவிட்டது. சம்மதம் வந்தது. உனக்கு அந்தப் பெண்ணை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆகவே நானும் வாயை மூடிக்கொண்டேன். போகும்போது அந்தம்மா என் கையைப் பிடித்து, "கல்யாண ஜாக்கெட்ட நீங்களே உங்க கையால தைச்சிக் குடுங்க, எம்பொண்ணுக்கு அது ஆசீர்வாதம்" என்றாள். தைத்துத் தருகிறேன் என்றேன். துணியை நான் வெட்டினேன், மாதம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சம் இல்லை. "உங்க மருமவளுக்குக்கூட எங்காலுதான் மிதிக்கணுமாக்கா" என்று கேட்டுவிட்டுத் தைக்கிறாள். அவளுக்கும் ஒரு போட்டோ கிடையாது, ஒரு பொன்னாடை கிடையாது.

போன வாரம் செக்ரட்டரி வீட்டுக்கே வந்தார். மேடையில் ஒரு மிஷின் போடப் போகிறார்களாம், துணி போட்டு நாலு பக்கமும் மறைத்திருப்பார்களாம், வந்திருக்கிற பெரியவர்கள் முன்னால் நான் உட்கார்ந்து தைத்துக் காட்ட வேண்டுமாம். மறைப்புக்குள்ளே மாதம்மா இருப்பாள். இந்த ஒரு தடவை என்னைக் கட்டர், துணி வெட்டுகிறவள் என்று சொல்லிவிடுங்கள் சார், நான் மேசை மேல் உட்கார்ந்து வெட்டிக் காட்டுகிறேன் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவர் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு, "இத்தன வருசம் கழிச்சி எப்படிம்மா மாத்தறது? அந்த வேலைய பத்தி விழா முடியட்டும், பாக்கலாம்" என்றார். வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. வருகிறேன் என்றேன். உன் அப்பா ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர் போனதும், "எல்லாருமா சேந்து உன்ன அந்த மிஷினுக்குள்ளாறவே வெச்சி தைச்சிப்புட்டாங்க" என்றார். நீ எழுதிய அந்த வரி இதற்கு மறுநாள்தான் வந்தது.

நீ இன்னொன்றும் கேட்டிருந்தாய். உன் பேக்டரியில் ஒரு கை இல்லாத ஒருவருக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கப் போகிறார்கள், அவரைப் பற்றி வாசிக்க நாலு வரி எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது, உன்னைப் பற்றி அன்றைக்கு மேடையில் வாசித்த மாதிரி உருக்கமாக எழுத வேண்டும், ஞாபகம் இருந்தால் சொல்லும்மா என்று. ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. சொல்ல மாட்டேன். நீ ஆபீஸ் அறையில் உட்கார்ந்து எழுதாதே. அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார். அவர் என்ன செய்கிறார், எதை வைத்துப் பிடிக்கிறார், எது சரியாக வந்தால் அவருக்கு முகம் மலர்கிறது, அதைப் பார். அடுத்து எந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறார் என்று அவரையே கேள். அவர் சொன்னதை எழுது. மீறி, பொருட்படுத்தாமல், வென்று என்ற வார்த்தைகளை எல்லாம் தூக்கிக் குப்பையில் போடு. நான் என் காலை மீறி எதுவும் செய்ததில்லை, அருள். இந்தக் காலோடுதான் மேசை ஏறினேன், இந்தக் கால் இல்லாவிட்டால் ஏறியிருக்கவே மாட்டேன், துணியும் நழுவிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதை ஒருவராவது மேடையில் சொல்லியிருந்தால், அந்த மிஷினைக்கூட நான் சந்தோஷமாக வாங்கி வைத்திருப்பேன்.

ஆக, அடுத்த வாரம் நான் போகத்தான் போகிறேன். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு படி ஏறுவேன். மறைப்புக்குள்ளே மாதம்மா மிதிப்பாள், நான் துணியைத் தள்ளுவேன், பொன்னாடை போர்த்துவார்கள், குனிந்து வாங்கிக்கொள்வேன். உனக்காகத்தான் என்று உன்மேல் பாரம் ஏற்ற நான் இதை எழுதவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தால் உன் கல்யாணம், செக்ரட்டரி, சங்கம் என்று எல்லாம் சேர்ந்து என் தலையில் விழும். திறக்காவிட்டால் அந்த வேலை போகும். இந்தத் தடவை போனால் போனதுதான்.

நீ விழாவுக்கு வா. வராதே என்று சொல்லவில்லை. உன் மாமனாருக்குப் பக்கத்திலேயே உட்கார். உன்னை எழுந்து நின்று சத்தம் போடச் சொல்லவில்லை, யாரிடமும் போய் நியாயம் கேட்கச் சொல்லவில்லை. நான் தைத்து முடித்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். உன் மாமனார் தட்டுவார், மாமியார் தட்டுவாள், உன் அப்பாகூட எல்லோரும் பார்க்கிறார்களே என்று தட்டிவிடுவார். நீ மட்டும் தட்டாதே. ஏன் மாப்பிள்ளை தட்டவில்லை என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வாய் என்பது உன் பாடு, சொல்லாமலும் இருந்துகொள். மேடையிலிருந்து நான் வேறு யாரையும் பார்க்க மாட்டேன். உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா